அலமாரி மூலையில் கிடக்கும் ஒப்பனைச் சிமிழ்கள்: அடையாளம் காண்பதும் காப்பதும்

வீடு மாறும் நாளில்தான் பழைய பொருள்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்தவர்கள், மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள், பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தவர்கள் என்று பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. பழைய சேலைகளுக்கும் அடையாள அட்டைக்கும் நடுவே பால் வெள்ளை நிறத்தில் கனமான கண்ணாடிச் சிமிழ் ஒன்று கிடக்கும். மூடி துருப்பிடித்திருக்கும். உள்ளே காய்ந்துபோன ஸ்னோவோ, கொஞ்சம் குங்குமமோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த நிமிடம் அது குப்பைப் பைக்குள் போகும். அல்லது ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு வரும் லாரியில் ஏறிவிடும். சிங்கப்பூரில் காராங்குனிக்காரரின் தள்ளுவண்டியில் போய்ச் சேரும். சிமிழ் போனால் போகட்டும் என்று விடலாம். அதை வைத்திருந்தவர் யார், எங்கே கிடைத்தது, எதற்குப் பயன்படுத்தினார் என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது என்பதே இழப்பு. மற்றொரு பக்கம், "பழைய சாமானுக்கு நல்ல விலை" என்று கேள்விப்பட்டு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, இருந்த மதிப்பையும் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

பழங்கால ஒப்பனைச் சிமிழ்கள் என்றால் என்ன, அவற்றின் காலத்தை எப்படி அறிவது, நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அவற்றை எப்படிக் காப்பது, எவற்றைத் தொடாமல் விடவேண்டும் என்பதை இங்கே காணலாம்.

ஒப்பனைச் சிமிழ் என்பது எது?

முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த ஒப்பனை மேசையின் மேல் வைப்பதற்காகச் செய்யப்பட்ட மூடியுள்ள சிறு ஜாடிகளே இவை. முகப்பவுடர், குளிர் களிம்பு, தலைமுடிக்கான வாசனைக் கொழுப்பு, கொண்டை ஊசி, உதிர்ந்த முடி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிமிழ் இருந்தது. கண்ணாடி, பீங்கான், வெள்ளி, செல்லுலாய்ட் ஆகியவற்றால் இவை செய்யப்பட்டன.

சேகரிப்பாளர்கள் பொதுவாக நூறு ஆண்டைக் கடந்த பொருளையே பழம்பொருள் என்கிறார்கள். அதற்குப் பிந்தியவை "விண்டேஜ்" எனப்படும். 1930களில் செய்யப்பட்ட பவுடர் சிமிழை ஒருவர் பழம்பொருள் என்று சொல்லி விற்றால், அவர் கூறுவது கண்டிப்பான கணக்கில் சரியல்ல. ஆனால் அதனால் பொருள் மட்டமாகிவிடாது.

முகப்பூச்சுக்குச் சிமிழ் வைக்கும் பழக்கம் மிகப் பழமையானது. பண்டைய எகிப்தியரின் கல்லறைகளில் கல்லால் குடைந்த மைச் சிமிழ்கள் கிடைத்துள்ளன. தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் குளிர் களிம்பை, 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவரோடு இணைத்துச் சொல்வது வழக்கம். ஆனால் இன்று சேகரிப்பாளர் கையில் புழங்கும் சிமிழ்களில் பெரும்பாலானவை 1840 முதல் 1940 வரையிலான நூறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. இயந்திர உற்பத்தியும் கப்பல் வாணிபமும் பெருகிய அந்தக் காலத்தில்தான் இவை மலாயாத் துறைமுகங்களுக்கும் வந்து இறங்கின.

எத்தனை வகை?

*வெள்ளி மூடிக் கண்ணாடிச் சிமிழ்.* விக்டோரியா மகாராணி காலத்திலும் அதன் பின்னரும் பிரிட்டனில் பெருமளவில் செய்யப்பட்டது இது. பட்டை தீட்டிய கண்ணாடி ஜாடி, மேலே பூவேலைப்பாடு உந்திய மெல்லிய வெள்ளி மூடி. சீப்பு, தூரிகை, கைக்கண்ணாடி ஆகியவற்றோடு ஒரே தொகுப்பாக விற்கப்பட்டது. தோட்டத் துரைமார்களின் பங்களாக்களிலும் நகரத்துச் செல்வந்தர் வீடுகளிலும் இருந்தவை இவை. தொகுப்பு கலைந்து, ஒற்றைச் சிமிழாகச் சந்தைக்கு வருவதே இன்று அதிகம்.

*முடிச் சிமிழ்.* மூடியின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். பலர் இதை ஊதுபத்தித் தட்டு என்றோ, சர்க்கரைக் கிண்ணம் என்றோ தவறாக நினைக்கிறார்கள். சீப்பில் வரும் உதிர்ந்த முடியைச் சுருட்டி இந்த ஓட்டை வழியே உள்ளே தள்ளுவார்கள். சேர்ந்த முடியைப் பந்தாக்கி, கொண்டை பெரிதாகத் தெரிய உள்ளே வைத்துக் கட்டுவார்கள். நம் வீட்டுப் பெண்கள் உதிர்ந்த முடியைச் சேர்த்துச் சவுரி கட்டியதும் இதே கணக்குத்தான். நம்மவர்கள் முடியைச் சுவர் இடுக்கிலும் கூரை இறவாணத்திலும் செருகி வைத்தார்கள்; அங்கே அதற்குப் பீங்கான் சிமிழ் இருந்தது. பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் பழக்கம் 1920களில் பரவியதும் இந்தச் சிமிழுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

*அச்சு ஓவிய மூடிச் சிமிழ்.* பீங்கான் மூடியில் பல வண்ண ஓவியம் அச்சிடப்பட்ட தட்டையான சிமிழ். 1840களில் தொடங்கி இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷியர் வட்டாரத்தில் இது செழித்தது. ஃபென்டன் ஊரின் பிராட் தொழிற்சாலையும் அங்கே செதுக்குக் கலைஞராக இருந்த ஜெஸ்ஸி ஆஸ்டினும் இதில் பெயர் பெற்றவர்கள். தலைமுடிக்குப் பூசும் கரடிக் கொழுப்பு இத்தகைய சிமிழ்களில் விற்கப்பட்டது என்றால் இன்று வியப்பாக இருக்கும்.

*ஸ்னோ சிமிழ்.* எஸ்டேட், பட்டணம் என்ற பேதமில்லாமல் தமிழர் வீடுகளில் அதிகம் புழங்கியது இதுதான். ஒளி ஊடுருவாத பால் வெள்ளைக் கண்ணாடியில், திருகு மூடியோடு வந்தது. பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஹேசலின் ஸ்னோ, 1846இல் அமெரிக்காவில் தெரோன் பாண்ட் தொடங்கிய தொழிலில் இருந்து வளர்ந்த பாண்ட்ஸ், மும்பையில் இ. எஸ். பட்டன்வாலா 1919இல் அறிமுகப்படுத்திய ஆப்கன் ஸ்னோ ஆகியவை இதில் முன்னணி. "ஸ்னோ" என்பது ஒரு சரக்கின் பெயராக இருந்து, முகப்பூச்சு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகவே தமிழில் நிலைத்துவிட்டது. பெரிய எண்ணிக்கையில் செய்யப்பட்டதால் இவற்றுக்குச் சந்தையில் விலை குறைவு. அசல் தாள் ஒட்டோடும் அசல் மூடியோடும் முழுமையாக இருந்தால் மட்டும் கேட்பார் உண்டு.

*அச்சுக் கண்ணாடிப் பவுடர் சிமிழ்.* 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் மலிவாக வார்க்கப்பட்டது. மூடியின் மேல் நாய்க்குட்டி, யானை, பாவாடை விரித்த பெண் என ஏதாவது ஓர் உருவம் இருக்கும். மேற்கு வர்ஜீனியாவின் ஆக்ரோ அகேட் நிறுவனம் வார்த்த ஸ்காட்டி நாய் மூடிச் சிமிழ் இவ்வகையில் பெயர் பெற்றது.

*செல்லுலாய்ட் சிமிழ்.* யானைத் தந்தம் போலத் தோன்றும், தூக்கிப் பார்த்தால் இறகுபோல் இருக்கும். அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட் 1870இல் காப்புரிமை பெற்ற இந்தச் செயற்கைப் பொருளில் ஒரு முக்கியச் சேர்க்கை கற்பூரம். தந்தத்தின் வரிகளைப் போலவே இதிலும் வரிகள் போடப்பட்டன.

*ஞோஞ்யா பீங்கான் சிமிழ்.* மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பெரானாக்கான் குடும்பங்களுக்காகச் சீனாவின் ஜிங்தெசென் நகரில் இருந்து வந்த வண்ணப் பீங்கான் வரிசையில் "சூப்பு" என்ற மூடிச் சிமிழும் ஒன்று. இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களில் பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் வரையப்பட்டிருக்கும். சிறிய அளவுள்ளவை ஒப்பனைப் பொருள் வைக்கவும் பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும் இதன் பொற்காலம். இதே பாணியில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதால் வாங்குபவருக்கு இரட்டை எச்சரிக்கை தேவை.

காலத்தைச் சொல்லும் முத்திரைகள்

சிமிழைக் கையில் எடுத்ததும் மூடியின் விளிம்பையும் அடிப்பாகத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் வெள்ளியில் சிறு சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடக்கும் சிங்கம் இருந்தால், அது 92.5 விழுக்காடு வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாமையும், சிறுத்தைத் தலை லண்டனையும், கிரீடம் ஷெஃபீல்டையும் குறிக்கும். ஷெஃபீல்டின் கிரீடம் 1975 முதல் ரோஜாவாக மாறிவிட்டது. இவற்றோடு ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அதுதான் ஆண்டைச் சொல்வது. ஒவ்வொரு நகரத்துக்கும் எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் மாறும் என்பதால், நகர முத்திரையை முதலில் கண்டுபிடித்து, பிறகே அந்நகரின் ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அரசர் அல்லது அரசியின் தலை முத்திரையும் சேர்ந்திருந்தால் அது 1784க்கும் 1890க்கும் இடைப்பட்ட வரி முத்திரை.

"ஈபிஎன்எஸ்" என்று பொறித்திருந்தால் அது வெள்ளி அல்ல. நிக்கல் கலவை உலோகத்தின் மேல் வெள்ளி முலாம். அமெரிக்கச் சரக்கில் "ஸ்டெர்லிங்" என்ற சொல் முழுதாக இருக்கும். "டபிள்யூ எச்" என்ற எழுத்துகளும் 90 என்ற எண்ணும் சேர்ந்து காணப்பட்டால், சீன ஏற்றுமதி வெள்ளியில் பேர்போன வாங் ஹிங் கடையின் முத்திரை அது. 90 என்பது 90 விழுக்காடு வெள்ளி.

பீங்கானில் நாட்டின் பெயர் துப்பு கொடுக்கும். அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்தது. "நிப்பான்" என்று மட்டும் இருந்தால் அது 1891க்கும் 1921க்கும் இடையில் அந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்ட ஜப்பானியப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு "ஜப்பான்" என்ற பெயரே போடப்பட்டது. நிப்பான் முத்திரையையே போலியாக அடித்து விற்பதும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

கண்ணாடியில் முத்திரை இல்லாவிட்டாலும் தையல் கோடு பேசும். இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது வாயின் உச்சி விளிம்புவரை ஏறிச் சென்றால் இயந்திரத்தில் செய்தது. கண்ணாடிப் போத்தலைத் தானாகவே செய்யும் ஓவன்ஸ் இயந்திரம் வந்தது 1903இல். பட்டை தீட்டிய கண்ணாடியில் இந்தக் கோடு இருக்காது; பட்டைகளின் முனை விரலில் கூர்மையாக உணரப்படும். அச்சில் வார்த்ததில் முனை மழுங்கி வழவழப்பாக இருக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மால், பினாங்கின் லோரோங் கூலிட், மலாக்காவின் ஜோங்கர் ஸ்ட்ரீட் என்று பழைய சாமான் புழங்கும் இடங்கள் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்தவையே. எங்கே வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து சோதனைகள் நல்லது.

முதலாவது, மூடியும் ஜாடியும் சொந்த ஜோடிதானா என்பது. உடைந்த சிமிழின் மூடியை வேறு ஜாடிக்குப் பொருத்தி விற்பது மிகச் சாதாரணம். வெள்ளி மூடிச் சிமிழில் கழுத்து வளையத்திலும் முத்திரை இருந்தால், அதுவும் மூடியில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். மூடி ஆடாமல், சாயாமல் அமர வேண்டும்.

இரண்டாவது, விளிம்பு. கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியை மெதுவாகச் சுற்றி ஓட்டினால் சிறு சிதறல் தெரிந்துவிடும். விளிம்பு மற்ற இடங்களைவிட மிகத் தட்டையாக இருந்தால், உடைசலை மறைக்கத் தேய்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

மூன்றாவது, அடிப்பாகத் தேய்மானம். நூறு ஆண்டு மேசையில் நகர்ந்த பொருளின் அடியில் கீறல்கள் எல்லாப் பக்கமும் தாறுமாறாக ஓடும். ஒரே திசையில், ஒரே ஆழத்தில் கீறல் இருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

நான்காவது, வெள்ளி மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. உந்திய பூவேலையின் உச்சிகள் தேய்ந்து ஊசித் துளை விழுந்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பாலிஷ் போட்டதன் விளைவு இது. துளை விழுந்தால் சரிசெய்வது கடினம்.

ஐந்தாவது, நிறம். பழைய நிறமற்ற கண்ணாடியில் மாங்கனீசு சேர்த்திருந்தால், பல ஆண்டு வெயில் பட்டு இலேசான ஊதா நிறம் ஏறும். அதை அதிகப்படுத்தக் கதிர்வீச்சு கொடுத்து, ஆழ்ந்த ஊதாவாக்கி விற்கும் வழக்கமும் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஊதா நிறம் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

சுத்தம் செய்வதில் நடக்கும் தவறுகள்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும், வெள்ளிக் குங்குமச் சிமிழை விபூதியால் துலக்குவதும் நம் வீட்டு வழக்கம். கெட்டியான பித்தளை விளக்கு அதைத் தாங்கும். பழங்காலச் சிமிழின் மெல்லிய வெள்ளி மூடி தாங்காது. விபூதி, பற்பசை, சாம்பல், பித்தளைப் பாலிஷ் எல்லாமே உலோகத்தைச் சுரண்டக் கூடியவை. முத்திரை தேய்ந்து போனால், சிமிழின் பிறப்புச் சான்றிதழே போனது போல.

வெள்ளியில் தூசி மட்டும் இருந்தால் மென்மையான பருத்தித் துணி போதும். கறுத்திருந்தால் வெள்ளிக்கென்றே விற்கும் துணியாலோ களிம்பாலோ ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போகாமல், இலேசாகத் துடைக்கலாம். பூவேலையின் பள்ளங்களில் தங்கிய கருமையை விட்டுவிட வேண்டும். வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுவதே அதுதான். மூடியின் உட்புறம் தங்க முலாம் பூசியிருந்தால் பாலிஷ் கூடவே கூடாது. முக்கியெடுக்கும் இரசாயனத் திரவங்களும் வேண்டாம். ஒரே தொகுப்பைச் சேர்ந்த தூரிகை, கைக்கண்ணாடி ஆகியவற்றின் வெள்ளித் தகட்டுக்குள் கீல் போன்ற பிசின் நிரப்பியிருக்கலாம். அவற்றை வெந்நீரில் போட்டால் பிசின் உருகி, தகடு நெளிந்துவிடும்.

கண்ணாடி ஜாடியைக் கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரச் சவுக்காரமும் போதும். பிளாஸ்டிக் வாளியின் அடியில் துண்டை விரித்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் கழுவ வேண்டும். குழாயடியில் கழுவும்போதுதான் வாய் விளிம்பு பெரும்பாலும் உடைகிறது. சூடான தண்ணீரையும் குளிர்ந்த தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். தங்க விளிம்பும் கையால் தீட்டிய பூவும் உள்ள சிமிழை ஊற வைக்கக் கூடாது. ஈரத் துணியால் ஒற்றியெடுத்தால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எந்தப் பழஞ்சிமிழையும் வைக்கக் கூடாது.

உள்ளே வெண்மையாகப் படிந்திருப்பது தண்ணீரின் சுண்ணாம்புக் கறை என்றால், வினிகரைச் சிறிது நேரம் ஊற்றி வைத்தால் கரையும். வினிகருக்கும் அசையாத மங்கல் கண்ணாடியே அரிக்கப்பட்டதன் அடையாளம். அதை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எண்ணெய் தடவி மங்கலை மறைத்து விற்பவர்கள் உண்டு என்பதால், வாங்கும்போது உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது.

மூடி இறுகிப் போயிருந்தால் இடுக்கியால் முறுக்கக் கூடாது. விளிம்பைச் சுற்றித் தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, ஒரு நாள் பொறுத்து, கையால் மெதுவாகத் திருகிப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் மறுநாளும் அதையே செய்யலாம். பொறுமை இல்லாததால் உடைந்த சிமிழ்கள் ஏராளம்.

நம் தட்பவெப்பத்தில் காப்பது எப்படி?

இந்தப் பொருள்களில் பல, குளிர் நாடுகளின் மேசைகளுக்காகச் செய்யப்பட்டவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வெள்ளி விரைவில் கறுக்கும், தாள் ஒட்டில் பூஞ்சை பிடிக்கும், துருப்பிடித்த மூடி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

சில பழைய கண்ணாடிகளுக்கு "அழும் கண்ணாடி" நோய் வரும். கலவையில் காரம் மிகுந்து சுண்ணாம்பு குறைந்திருந்தால், ஈரக் காற்றில் மேற்பரப்பு வழுவழுப்பாகி, சிறு நீர்த்துளிகள் அரும்பும். பிறகு வலைபோல நுண்விரிசல் பரவும். இதற்கு முழுக் குணம் கிடையாது. மிக ஈரமாகவும் இல்லாமல், மிக வறண்டும் போகாமல், ஏறத்தாழ ஒரே நிலையான இடத்தில் வைத்து நோயின் வேகத்தைக் குறைக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. கழுவிய சிமிழை முழுதாக உலரவிட்டு, மூடியைச் சற்றுத் திறந்தபடி வைக்கலாம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியையும், சமையலறை, குளியலறை ஓரங்களையும் தவிர்க்க வேண்டும். குளிர்சாதனத்தின் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. வெள்ளியைச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு வைப்பது பரவலான பழக்கம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புத் தழும்பை உண்டாக்கும். பலமுறை தேய்த்தாலும் அது போகாது. துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதே சரி. பூச்சி உருண்டையை உடன் வைக்கக் கூடாது.

செல்லுலாய்டுக்குத் தனிக் கவனம் தேவை. அது எளிதில் தீப்பற்றும். சாமி மேடையில் காமாட்சி விளக்குக்கு அருகே குங்குமச் சிமிழாக அதை வைப்பது ஆபத்து. "செல்லுலாய்டா என்று சோதிக்கச் சூடான ஊசியால் குத்திப் பார்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது. கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். அந்தச் சோதனையே போதும். காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடத்தில், மற்றச் சிமிழ்களில் இருந்து விலக்கி வைக்க வேண்டும். பிசுபிசுப்பு, விரிசல், காடி போன்ற நெடி, பக்கத்தில் உள்ள உலோகத்தில் துரு ஆகியவை தெரிந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே தனியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் ஆவி மற்றப் பொருள்களையும் கெடுக்கும்.

பழைய சிமிழில் குங்குமமோ விபூதியோ வைத்துப் பயன்படுத்த விரும்புவோர், உள்ளே சிறு கிண்ணம் ஒன்றைப் பொருத்தி அதில் வைக்கலாம். நுண்விரிசல் உள்ள பீங்கானில் குங்குமச் சிவப்பு இறங்கிவிட்டால் எடுக்க முடியாது.

உள்ளே இருப்பதைத் தொட வேண்டாம்

பழைய சிமிழில் மிச்சமிருக்கும் களிம்பையோ பவுடரையோ பூசிப் பார்ப்பது கூடவே கூடாது. முற்காலத்து முகவெண்மைப் பூச்சுகளில் ஈயமும் பாதரசமும் கலந்திருந்தன. 1930களில் பிரான்சில் விற்ற "தோ ரேடியா" என்ற களிம்பில் ரேடியமும் தோரியமும் இருந்தன. அதை அழகுசாதனம் என்று பெருமையோடு விளம்பரமும் செய்தார்கள். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். வீட்டில் ஒருவர் பூசினாலும், அதன் ஆவியும் துகளும் குழந்தைகளைச் சென்றடையும்.

இது பழங்கதை மட்டுமல்ல. பாதரசம் கலந்த வெண்மைக் களிம்புகள் இன்றும் சந்தையில் பிடிபடுகின்றன. மலேசியாவின் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவு அத்தகைய அழகுசாதனங்களின் பெயர்களைத் தொடர்ந்து அறிவித்து வருகிறது. எனவே, உள்ளடக்கம் உள்ள சிமிழைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் மூடியபடியே வைக்க வேண்டும். சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்றால் கையுறை அணிந்து, ஈரத் தாளால் துடைத்து, மூடிய பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உலர்ந்த பவுடரை ஊதியோ தட்டியோ கொட்டக் கூடாது.

கறுப்பு விளக்கொளியில் பச்சையாக ஒளிரும் மஞ்சள் பச்சைக் கண்ணாடியில் சிறிதளவு யுரேனியம் உண்டு. காட்சிக்கு வைப்பதில் பொதுவாக ஆபத்தில்லை. உண்ணும் பொருளை அதில் வைக்காமல் இருப்பது நல்லது.

சட்டம் குறுக்கிடும் இடம்

சில சிமிழ் மூடிகள் உண்மையான யானைத் தந்தத்தாலும் கடலாமை ஓட்டாலும் ஆனவை. "பாட்டி வைத்திருந்தது" என்பதற்காக அவற்றை எல்லை தாண்டி எடுத்துச் செல்லவோ இணையத்தில் விற்கவோ முடியாது. யானையும் அழுங்காமையும் அனைத்துலக ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மலேசியாவில் இதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் யானைத் தந்தப் பொருள்களின் உள்நாட்டு விற்பனையே 2021 செப்டம்பர் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஜொகூர் பாலத்தைக் கடந்து பரிசாகக் கொண்டுபோவதும் சிக்கலில் முடியலாம்.

தந்தமா, செல்லுலாய்டா என்பதை ஓரளவு கண்ணாலேயே அறியலாம். செல்லுலாய்டில் வரிகள் கோடு போட்டது போல ஒரே சீராக ஓடும். தந்தத்தின் குறுக்குவெட்டில் வரிகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தெரியும். ஐயம் இருந்தால் விற்பதற்கு முன் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

விலையைவிட முக்கியமான ஒன்று

உண்மையைச் சொல்வதானால், எஸ்டேட் வீடுகளில் கிடைக்கும் சிமிழ்களில் பெரும்பாலானவை பெரும் பணம் தரக் கூடியவை அல்ல. ஸ்னோ சிமிழ்கள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அதன் மதிப்பு வேறு. காலையில் பால் வெட்டப் போகும் பெண், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும் எடுத்துப் பூசிய ஸ்னோ அதில் இருந்திருக்கலாம். துரை பங்களாவில் ஆயாவாக வேலை செய்தவருக்கு அங்கிருந்து கிடைத்த வெற்றுச் சிமிழாகவும் இருக்கலாம். எது உண்மை என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே சிமிழைக் கழுவுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து, பொருளைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும். யாருடையது, எந்தத் தோட்டம், எந்தக் கடையில் வாங்கியது, என்ன வைத்திருந்தார்கள் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சிமிழின் மேற்புறம், அடிப்புறம், மூடியின் உட்புறம் என மூன்று படங்கள் எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். தாளைச் சிமிழுக்குள் திணிக்காமல் பக்கத்தில் உறையில் வைப்பது நல்லது. சிமிழின் மேல் எதையும் ஒட்டக் கூடாது; ஒட்டுத்தாளின் பசை பல ஆண்டு கழித்துக் கறையாக மாறும்.

விற்பதானாலும் இந்தத் தாள் சிமிழின் மதிப்பைக் கூட்டும். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானாலும் அவர்கள் முதலில் கேட்பது இந்த விவரத்தைத்தான். வீட்டிலேயே வைத்திருந்தால், பேரப் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல அந்த ஒரு தாளாவது இருக்கும்.